கிளிங்கன்பர்க் பேயோட்டல் வழக்கு: 67 அமர்வுகளும் அழைக்கப்படாத மருத்துவரும்

மேற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், மைன் நதிக்கரையில் உள்ள சிற்றூர் கிளிங்கன்பர்க். 1976 ஜூலை 1 அன்று 23 வயது கல்லூரி மாணவி ஒருவர் அங்கே தன் வீட்டில் இறந்தார். அப்போது அவர் எடை ஏறக்குறைய 31 கிலோ. உணவும் நீரும் உடலில் இல்லாமல் போனதே காரணம் என்றது பிரேதப் பரிசோதனை. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில், மறைமாவட்டத் தலைவரான ஆயரின் அனுமதியோடு அவருக்கு 67 முறை பேயோட்டும் சடங்கு நடந்திருந்தது. 1978-இல் பெற்றோரும் இரண்டு குருக்களும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2005-இல் வந்த ஹாலிவுட் நீதிமன்றத் திகில் படம் ஒன்றுக்கு இந்த வழக்குதான் கரு. படம் பார்த்தவர்கள் பெரும்பாலும் பேய் உண்டா இல்லையா என்ற கேள்வியோடு வெளியே வந்தார்கள். நிஜ நீதிமன்றம் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. மருத்துவரை எப்போது அழைத்திருக்க வேண்டும், யார் அழைத்திருக்க வேண்டும் என்பதை மட்டுமே அது ஆராய்ந்தது. இந்த ஆய்வும் அந்தத் தடத்தில்தான் போகிறது. நிகழ்வில் தொடர்புடைய யாரையும் இங்கே பெயரிடவில்லை.

குடும்பமும் ஊரும்

அந்தப் பெண் 1952-இல் பிறந்தவர். தந்தை மர அறுவை ஆலை நடத்தினார். வாரத்தில் பலமுறை திருப்பலி, அன்றாடம் செபமாலை என்று வாழ்ந்த கட்டுப்பாடான கத்தோலிக்கக் குடும்பம். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்தபின் வழிபாட்டிலும் குருக்களின் வாழ்க்கையிலும் வந்த மாற்றங்களை ஏற்க முடியாமல் தவித்த விசுவாசிகள் அந்தப் பகுதியில் நிறையப் பேர் இருந்தார்கள். வழிதவறிய இளைஞர்களுக்காகவும் குருக்களுக்காகவும் தன் உடலை ஒறுத்துப் பரிகாரம் செய்வது உயர்ந்த பக்தி என்பது அந்த வட்டத்தில் உறுதியான நம்பிக்கை. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தப் பரிகார எண்ணம் முக்கியம்.

1968 முதல் 1973 வரை: வலிப்பும் மருந்தும்

முதல் வலிப்பு 1968-இல், 16 வயதை ஒட்டி வந்தது. அடுத்து நுரையீரல் நோய் வரவே, 1970-இல் ஆல்காய் மலைப்பகுதி சானட்டோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றார். அந்த ஆண்டும் வலிப்பு வந்தது. கோரமான முகங்கள் கண்ணுக்குத் தெரிவதாகவும், மற்றவர்களுக்கு எட்டாத துர்நாற்றம் தனக்கு அடிப்பதாகவும் சொல்லத் தொடங்கினார். பிறகு, தான் சபிக்கப்பட்டவள் என்று சொல்லும் குரல்கள் கேட்டன. மனச்சோர்வு கூடியது.

மருத்துவர்கள் வலிப்பு நோய் என்று கண்டறிந்து ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தார்கள். மனநோய்க்கான பெரிசியாசின் ஒரு கட்டத்தில் சேர்ந்தது. 1973 நவம்பரில் கார்பமசெப்பின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து தொடங்கப்பட்டது. டெக்ரெட்டால் என்ற பெயரில் இன்றும் கடைகளில் கிடைக்கும் அதே மருந்துதான்.

காதருகே நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளை மடலில் தொடங்கும் வலிப்பில், கைகால் இழுப்பதற்கு முன்போ இழுப்பு இல்லாமலோ இல்லாத நாற்றம் வரும், காரணமில்லாத பேரச்சம் பற்றும், எதிரே இருக்கும் முகம் கோணித் தெரியும். சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ இருந்து போய்விடும். நோய் சில ஆண்டுகள் நீடித்தவர்களில் சிலருக்கு, வலிப்பு இல்லாத நாட்களிலும் குரல்கள் கேட்பதும் தவறான நம்பிக்கைகள் வேரூன்றுவதும் உண்டு. இது வேறு நிலை. இதற்கு வேறு மருந்தும் நெருக்கமான மனநலக் கண்காணிப்பும் வேண்டும். வலிப்பு மருந்து இழுப்பை அடக்கும். குரலை அது நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நோயாளி கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் முகங்கள் போகவில்லை என்றால் மருந்து பயனற்றது என்றுதான் அவருக்குத் தோன்றும். இழுப்பு குறைந்திருக்கிறது, குரலுக்குத் தனிச் சிகிச்சை தேவை என்று குடும்பத்துக்குப் புரியும்படி உட்கார்ந்து விளக்கும் மருத்துவர் ஒருவர் வேண்டும். இந்த நிகழ்வில் 1968-இல் தொடங்கி ஊர் மாறி, மருத்துவமனை மாறி, மருத்துவர் மாறிக்கொண்டே இருந்தது. தொடக்கம் முதல் பார்த்தவர் என்று யாரும் அருகில் இல்லை.

சிகிச்சையிலிருந்து சடங்குக்கு

1973-இல் பள்ளி இறுதித் தேர்வில் வென்று, ஆசிரியராகும் எண்ணத்தோடு வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதே காலத்தில் குடும்ப நண்பர் ஒருவர் இத்தாலியில் உள்ள சான் தமியானோவுக்கு அவரைத் திருப்பயணம் அழைத்துப் போனார். திருச்சபை அங்கீகரிக்காத யாத்திரைத் தலம் அது. சிலுவையில் அறைந்த இயேசுவின் உருவமான பாடுபட்ட சுரூபத்தைத் தாண்டி நடக்க அவரால் முடியவில்லை, ஊற்றுத் தீர்த்தத்தைக் குடிக்க மறுத்தார் என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். பேய் பிடித்திருக்கிறது என்ற முடிவு அந்தப் பயணத்தில்தான் உறுதிப்பட்டது.

குடும்பம் முதலில் அணுகிய குருக்கள் மறுத்துவிட்டார்கள், சிகிச்சையைத் தொடரச் சொன்னார்கள். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். திருச்சபைக்குள்ளேயே சரியான பதில் முதலில் கிடைத்தது. ஆனால் மறுத்தவர்கள் அத்துடன் நின்றார்கள். சிகிச்சை தொடர்கிறதா என்று திரும்பிப் பார்க்கும் பொறுப்பை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. குடும்பமோ சம்மதிக்கும் குருவைத் தேடிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருவர் கிடைத்தார். இது வலிப்பு போலத் தெரியவில்லை என்று நம்பிய அவர், ஆயருக்கு எழுதினார்.

ஆயரின் அனுமதி

1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1151-ஆம் விதிப்படி, ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இல்லாமல் யாரும் பேயோட்டக் கூடாது. கவனமான விசாரணைக்குப் பிறகே குரு சடங்கைத் தொடங்கலாம். வூர்ட்ஸ்பர்க் ஆயர் 1975 செப்டம்பரில் அனுமதி கொடுத்தார். இந்தத் துறையில் பெயர் பெற்ற முதிய சேசு சபைக் குரு ஒருவரின் கருத்து அதற்கு ஆதாரமாக இருந்தது. நடத்தும் பொறுப்பு சால்வடோரியன் என்ற கத்தோலிக்கத் துறவு சபையின் குரு ஒருவருக்கு. எல்லாம் முழு இரகசியமாக நடக்க வேண்டும் என்பது ஆயர் விதித்த நிபந்தனை.

பயன்படுத்தப்பட்டது 1614-இல் வெளியான உரோமைத் திருச்சடங்கு நூல். மிகப் பழையது என்பதால் மருத்துவத்துக்கு எதிரான நூலாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் விதிமுறைகள் வேறு மாதிரி. பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்பது குருவுக்கான முதல் எச்சரிக்கை. அறியாத மொழியில் பேசுதல், மறைவானதையும் தொலைவில் உள்ளதையும் வெளிப்படுத்துதல், வயதுக்கும் இயல்புக்கும் மீறிய வலிமை ஆகிய அடையாளங்களைப் பார்க்கச் சொல்கிறது. நோயாளிக்குக் குருவே மருந்து தரவோ பரிந்துரைக்கவோ கூடாது, அதை மருத்துவர்களிடம் விட்டுவிட வேண்டும் என்கிறது. பேயோடு நீண்ட பேச்சு கூடாது, ஆர்வத்துக்காகத் தேவையற்ற கேள்விகளைக் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது.

இந்த நான்கையும் வரிக்கு வரி கடைப்பிடித்திருந்தாலே அந்தப் பெண் பிழைத்திருப்பார் என்பது எங்கள் கணிப்பு. நம்பிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை நாங்கள். அந்த நம்பிக்கையின் சொந்தச் சட்டம் கேட்டதையே அங்கே யாரும் செய்யவில்லை.

இரகசிய நிபந்தனையின் விளைவு பெரிது. அந்தப் பெண்ணின் மானத்தைக் காப்பதற்காக விதிக்கப்பட்டது அது. ஆனால் வீட்டாரும் சில நெருங்கியவர்களும் தவிர யாரும் உள்ளே வர முடியாமல் அடைத்துவிட்டது. கேள்வி கேட்கக்கூடிய வெளியாள் அந்த அறைக்குள் நுழைவது அரிதாயிற்று.

அமர்வுகள்

முதல் அமர்வு 1975 செப்டம்பர் 24, கடைசி அமர்வு 1976 ஜூன் 30. நாற்பது வாரங்களில் 67 அமர்வுகள், வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. சில அமர்வுகள் நான்கு மணி நேரம் வரை நீண்டன. நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிநாடாக்களில் அவை பதிவாயின.

லூசிபர், காயீன், யூதாஸ், நீரோ, ஹிட்லர், 16-ஆம் நூற்றாண்டில் அதே மறைமாவட்டத்தில் வாழ்ந்த ஒழுக்கம் கெட்ட குரு ஒருவர் என்று ஆறு பேர் அவர் வழியாகப் பேசுவதாகச் சொல்லப்பட்டது. முதல் ஐந்து பெயர்களை அந்த நாட்டில் பள்ளிக்கும் மறைக்கல்விக்கும் போன எந்தப் பிள்ளையும் அறியும். ஆறாவது, உள்ளூர்ப் பங்கு வரலாறு தெரிந்தவர்களோடு பழகினால் காதில் விழக்கூடியது. மறைவான அறிவுக்கு இதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. மொழிச் சோதனையும் அப்படித்தான்: 1952-இல் பிறந்து, லத்தீன் திருப்பலியில் வளர்ந்தவருக்கு லத்தீன் சொற்கள் அறியாத மொழி ஆகாது.

நாடாக்களில் இருப்பது வெறும் செபம் மட்டும் இல்லை. கேள்வியும் பதிலும் நீண்டு போகின்றன. திருச்சபையின் போக்கைப் பற்றிக்கூடப் பேய் பேசுகிறது. 1614 நூல் தடுத்தது இதைத்தான். கேள்வி கேட்கக் கேட்கப் பதில் வளரும். பதில் வளர வளர, கேட்பவரின் உறுதி கூடும். மனநோய் உள்ளவரிடம் அவர் குரல்களைப் பற்றி மணிக்கணக்கில் ஆர்வத்தோடு விசாரிப்பதால் அந்தக் குரல்கள் மேலும் வலுப்படும் என்று மனநல மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதே காரணத்தால்தான்.

அமர்வுகளில் அவர் நூற்றுக்கணக்கான முறை முழந்தாளிட்டு எழுந்தார். முழங்கால் மூட்டின் தசைநார்கள் கிழிந்தன. கட்டுக்கடங்காத வேளைகளில் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். குரல், ஓலம், செபம் எல்லாம் நாடாவில் பதிவாயின. எடையை யாரும் வாராவாரம் குறித்ததாகத் தெரியவில்லை. வீட்டில் ஒரு தராசு இருந்து, வாரம் ஒருமுறை ஒரு தாளில் எழுதியிருந்தால் 1976 மார்ச்சுக்குள் எடை எங்கே போகிறது என்று யாருக்கும் தெரிந்திருக்கும்.

கடைசி மாதங்கள்

1976 இளவேனிலில் அவர் உண்பதை மிகவும் குறைத்தார், பிறகு மறுத்தார். மற்றவர்களின் பாவத்துக்காகத் தான் சாக வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியிருந்தது. பெற்றோர் மருத்துவ உதவி தேடுவதை நிறுத்தியிருந்தார்கள். மகளே வேண்டாம் என்றதும் அதற்கு ஒரு காரணம்.

இந்த இடத்தில்தான் இந்த நிகழ்வின் கொடுமை இருக்கிறது. உடல் தந்த ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அந்த வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆன்மிகப் பொருள் தயாராக இருந்தது. உண்ண மறுத்தால் பேய் தடுக்கிறது, அல்லது பரிகார நோன்பு. முழங்கால் வீங்கினால் தவம். எலும்பு தெரிந்தால் பலி நிறைவேறுகிறது. இப்படி விளக்கம் கையில் இருக்கும்போது பயம் வராது. பயம் வராத வீட்டில் யாரும் மருத்துவரைக் கூப்பிடப் போவதில்லை. பெற்றோரும் இரண்டு குருக்களுமான நான்கு பேரும் அவர்மேல் அன்பு கொண்டவர்கள் என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. அன்பு இருந்தும் நடந்தது இது.

ஜூன் 30 அன்று கடைசி அமர்வு நடந்தது. அப்போது அவருக்கு நிமோனியாவும் இருந்தது. மறுநாள் இறந்தார்.

ஒரு வாரம் முன்பு என்ன செய்திருக்க முடியும்

இறப்பதற்கு ஒரு வாரம் முன்புகூடக் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவ நிபுணர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள்.

இப்படி இளைத்தவரை வீட்டில் வைத்துச் சாப்பிட வைக்க முயல்வதும் ஆபத்து. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென மாவுச்சத்து உள்ளே போனால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் சரியும், இதயத் துடிப்பு தடம்புரளும். இரண்டாம் உலகப் போர் முடிவில் மீட்கப்பட்ட பட்டினிக் கைதிகளிடம் கண்ட உண்மை இது. 1976-இல் எந்தப் பெரிய மருத்துவமனைக்கும் புதிதில்லை. இன்றைய வழிகாட்டுதல்படி கடும் இளைப்பில் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 5 முதல் 10 கிலோ கலோரியோடுதான் தொடங்க வேண்டும். 31 கிலோ உடலுக்கு முதல் நாள் 155 முதல் 310 கிலோ கலோரி மட்டும். அதற்கும் முன்னால் தயமின் என்ற பி1 வைட்டமின் நாளுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் கொடுத்தாக வேண்டும். நீரிழப்பைச் சீராக்கி, இரத்தத்தில் உள்ள அந்த உப்புகளைத் தினமும் சோதித்து, நான்கிலிருந்து ஏழு நாட்களில் படிப்படியாக முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கூடவே நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு வரலாம் என்பதால் அதையும் தொடர வேண்டும்.

அவர் வயது வந்தவர், வேண்டாம் என்றார் என்ற வாதம் இங்கே நிற்காது. மனநோயால் தன் நிலையைத் தானே எடைபோட முடியாதவரை நீதிமன்ற உத்தரவோடு மருத்துவமனையில் சேர்க்க அன்றைய மேற்கு ஜெர்மனியில் சட்ட வழி இருந்தது. ஒரு மருத்துவர் முறையாகப் பரிசோதித்து நடவடிக்கை எடுத்திருந்தால் அந்த வழி திறந்திருக்கும்.

வழக்கு

1978 பிப்ரவரியில், வழக்குக்குச் சில வாரங்கள் முன்பு, பெற்றோரின் வேண்டுகோளின்படி கல்லறை தோண்டப்பட்டது. உடல் அழியாமல் இருக்கிறது என்று கன்னிகாஸ்திரி ஒருவருக்குக் காட்சி கிடைத்ததே அதற்குப் பின்னால் இருந்த காரணம். உடல் இயல்பாகவே சிதைந்திருந்தது என்று அதிகாரப்பூர்வ அறிக்கை சொன்னது.

1978 மார்ச் 30 அன்று ஆஷாஃபென்பர்க் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தது குற்றச்சாட்டு. ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 222-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. காக்கும் கடமை உள்ளவர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் அதுவும் செய்த குற்றத்துக்குச் சமம் என்கிறது 13-ஆம் பிரிவு. வழக்கு முழுவதும் அந்தக் கடமை யார்மேல் இருந்தது என்பதைச் சுற்றியே நடந்தது. ஆயர்மீதான விசாரணை குற்றப்பத்திரிகை வரை போகவில்லை. உடல்நிலை இவ்வளவு மோசம் என்று தனக்குத் தெரியாது என்றார் அவர்.

மத உரிமையை அரசியல் சாசனம் காக்கிறது, பேயோட்டல் சட்டவிரோதம் இல்லை என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள் தரப்பு வாதிட்டது. ஒலிநாடாக்கள் நீதிமன்றத்தில் ஒலித்தன. வலிப்பு நோயும் கடுமையான மத வளர்ப்பும் சேர்ந்து மனநோயாக முற்றின என்றார்கள் மனநல நிபுணர்கள். குருக்களுக்கு அபராதம் போதும், பெற்றோர் குற்றவாளிகள் ஆனாலும் தண்டனை வேண்டாம் என்று அரசு வழக்கறிஞரே கேட்டார். மகளை இழந்தவர்கள் ஏற்கெனவே தண்டனை அனுபவித்துவிட்டார்கள் என்ற எண்ணம் அதில் இருந்தது.

ஏப்ரல் 21 அன்று வந்த தீர்ப்பு அதைவிடக் கடுமை. நான்கு பேருக்கும் ஆறு மாதச் சிறை, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு நிறுத்திவைப்பு. அந்தப் பெண் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் நிலையில் இல்லை, மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்வது இவர்கள் கடமை என்றது நீதிமன்றம். சடங்கு செய்ததற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. இது பலருக்கு இன்றும் தெரியாது.

படம் மாற்றியவை

படத்தில் கதை அமெரிக்காவுக்கு நகர்கிறது. கூண்டில் நிற்பது ஒரே ஒரு குரு, பெற்றோர் இல்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் பக்திமான், குருவுக்காக வாதாடுபவர் நம்பிக்கை இல்லாதவர். திரைக்கதைக்கு இது நல்ல அமைப்பு. ஆனால் பெற்றோரைக் கூண்டிலிருந்து இறக்கியதும் வழக்கின் மையமான வீட்டுக் கடமை காணாமல் போகிறது. மருந்துதான் பேயோட்டலைப் பலிக்கவிடாமல் தடுத்தது என்ற வாதமும் படத்தில் வருகிறது. கார்பமசெப்பினைக் குற்றம்சாட்டி 1980-களில் ஒரு மானிடவியலாளர் எழுதியதன் நிழல் அது. நிஜத்தில் உயிரைக் கொன்றது பட்டினி, மருந்து இல்லை. வலிப்பு உள்ளவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறோம்.

அதற்குப் பிறகு மாறியதும் இனி மாற வேண்டியதும்

அந்தப் பெண்ணுக்குப் பேய் பிடிக்கவில்லை என்று ஜெர்மன் ஆயர்கள் அமைத்த குழு பின்னர் கூறியது. சடங்கைத் திருத்தும்படி அவர்கள் உரோமையைக் கேட்டார்கள். 1999 ஜனவரியில் வத்திக்கான் புதிய பேயோட்டல் நூலை வெளியிட்டது. நோயை, குறிப்பாக மனநோயை, பேய் என்று எண்ணிவிடக் கூடாது என்றும், தேவைப்படும்போது மருத்துவத்திலும் மனநலத்திலும் தேர்ந்தவர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது. கடவுளை நோக்கிய மன்றாட்டே முதலில் வருகிறது. பேயை நேராக விளித்துக் கட்டளையிடும் பகுதியைத் தனியாகப் பயன்படுத்த முடியாது.

நல்ல மாற்றம்தான். ஆனாலும் தொடக்கத்தில் ஒருமுறை கலந்தாலோசிப்பது போதாது. இந்த நிகழ்வில் 1975 செப்டம்பரில் ஒரு மருத்துவர் பார்த்திருந்தால்கூட அன்று அவர் படித்துக்கொண்டு நடமாடும் மாணவிதான். ஆபத்து பின்னால் வளர்ந்தது. ஆகவே அனுமதிக்குக் காலவரம்பு வேண்டும்: நான்கு வாரம் முடிந்ததும் அது தானாகக் காலாவதியாகி, புதிய மருத்துவ அறிக்கை வந்தால் மட்டுமே புதுப்பிக்கப்பட வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை, கூடவே நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், குடித்த நீரின் அளவு எழுத வேண்டும். தொடக்க எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, ஒரு நாள் முழுவதும் நீர் அருந்தாவிட்டாலோ, புதிதாகக் காயம் தெரிந்தாலோ செபத்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த அளவுகோல்கள் எங்கள் பரிந்துரை. உள்ளூர் மருத்துவர் இவற்றை இறுக்கலாம், தளர்த்தக் கூடாது.

நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதைத் தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்த நபர் செபம் நடத்துபவராகவோ குடும்பத்தவராகவோ இருக்கக் கூடாது. அவருக்குப் பேய்மேல் நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாராவாரம் நேரில் வந்து பார்க்க வேண்டும், ஆயரின் தொலைபேசி எண்ணும் ஆம்புலன்ஸ் எண்ணும் கையில் இருக்க வேண்டும், இரகசிய நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது என்று அனுமதிக் கடிதத்திலேயே ஒரு வரி இருக்க வேண்டும்.